வெளியூர் போனால் சிசிடிவி தெரியவில்லையா?

வீட்டு வைஃபையில் சிசிடிவி பளிச்சென்று தெரிகிறது. வெளியூரில் மொபைலைத் திறந்தால் படமே வருவதில்லை. உடனே ரவுட்டரின் ஃபயர்வாலை அணைத்துவிடாதீர்கள். அது வாசல் கதவைக் கழற்றி வைப்பது போல!

முதலில், ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'டபிள்யூ.ஏ.என். ஐ.பி.' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வைஃபையில் கூகுளில் 'வாட் இஸ் மை ஐ.பி.வி4' என்று தேடி, கிடைக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றா? 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில் கோளாறு இருக்கலாம். கரன்ட் போய் வந்ததும் கேமராவின் ஐ.பி. மாறியிருக்கும். அதை மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கிவிடுங்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

வெவ்வேறா? ரவுட்டர் எண் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இன்டர்நெட் நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. அவர்களிடமே 'ஸ்டாட்டிக் ஐ.பி.' கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. 192.168 என்று தொடங்கினால், வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் வரிசையாக இருக்கக்கூடும்; முதலாவதை 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றச் சொல்லுங்கள்.

எதுவும் வேண்டாம் என்றால், கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வழியானாலும், கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டு ஹாலை ஊரே பார்க்க வேண்டாமே!