மடக்குச் சில்லுப் பிளேனும் நாலு பேரின் கணக்கும்

ரெஸ்ரோரன்ட் குசினியில் நிக்கிற ஒருத்தன் பிளேன் வாங்குறதைப் பற்றி எழுதினால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கோ. ஆனால் ஒஸ்லோவில் எங்கட அடுத்த தலைமுறைப் பெடியள் சிலர் விமானி லைசென்ஸ் எடுத்திட்டினம். அதில ஒருத்தன், எனக்கு மருமகன் முறை, இன்னும் மூன்று பேரைச் சேர்த்துப் பழைய பைப்பர் அரோ ஒன்று வாங்கப்போறானாம். தகப்பன் வீட்டின்மேல் இன்னும் கொஞ்சம் கடன் எடுத்துத் தர ஓமெண்டு சொல்லிப்போட்டார். அந்த வீடு அவர் இருபது வருசம் இரவு வேலை செய்து வாங்கின வீடு. அதுதான் என்னை எழுத வைக்குது. ஊரில தொடங்கின பொறியியல் படிப்பை நாட்டு நிலைமை முடிக்க விடேல்லை. எண்டாலும் கணக்குப் பார்க்கிற புத்தி மட்டும் என்னை விட்டுப் போகேல்லை.

அரோவின் சில்லு பறக்கேக்க உள்ளுக்கு மடியும். பெரிய பிளேன் மாதிரி. பெடியளை மயக்கிறதும் அதுதான். சில்லு மடிக்கிறது எங்கட பக்கத்துக்கும் புதுசில்லை. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் தன்ர முதல் பறப்பை இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு நடத்தினது டக்கோட்டாவில். அதின்ர சில்லு மடிச்ச பிறகும் பாதி வெளியில தெரியும். அதுக்கும் 12 வருசம் முந்தி, 1935 நவம்பரில், இரத்மலானையில் முதலில் இறங்கின பிளேன் மதராஸ் பிளையிங் கிளப்பின் பஸ் மோத். அதுக்குச் சில்லு மடியவே மடியாது.

இனி கணக்குக்கு வருவம். அரோவுக்கு ஒரு அண்ணன் தம்பி மாதிரி ஆர்ச்சர் எண்டு ஒன்று இருக்கு. ஒரே குடும்பம், 180 குதிரை வலு, சில்லு மடியாது. அரோவுக்கு 200 குதிரை வலு. ஆர்ச்சர் ஏறக்குறைய 125 நொட் ஓடும், அரோ ஏறக்குறைய 138. ஒஸ்லோவில் இருந்து பேர்கனுக்கு நேர்கோட்டில் 300 கிலோமீற்றர் சொச்சம். ஆர்ச்சர் 79 நிமிசத்தில் போகும், அரோ 72 நிமிசத்தில். ஏழு நிமிசம்! அந்த ஏழு நிமிசத்துக்காகத்தான் நீரியல் பம்ப், குழாய், சுவிச்சு, மூன்று பச்சை விளக்கு, ஒவ்வொரு வருசப் பரிசோதனையிலும் பிளேனை ஜாக்கில் தூக்கி வைச்சுச் சில்லை மடிச்சு விரிச்சுப் பார்க்கிற மெக்கானிக்கின் மணித்தியாலக் கூலி எல்லாம். நோர்வேயில் மணித்தியாலக் கூலி எப்பிடி எண்டு வீட்டுக்குக் குழாய்காரனைக் கூப்பிட்ட ஆக்களுக்குத் தெரியும். அதுக்கு மேல 25 வீத வரி.

மூனி எம்20ஜே (1977 இல் வந்தது) கொஞ்சம் வேறை. அரோவில் இருக்கிற அதே 200 குதிரை வலு லைக்கமிங் குடும்ப எஞ்சின்தான், மணித்தியாலத்துக்கு அதேமாதிரி 38 லீற்றர் அளவில் குடிக்கும், ஆனால் 155 நொட் ஓடும். பேர்கன் 64 நிமிசம். சிக்கனம் எண்டால் உண்மையில் இதுதான். ஆனால் உள்ளுக்கு ஒடுக்கம். செட்டைக்குள்ளேயே பெற்றோல் நிக்கிறதால, பழசில் ஒழுகத் தொடங்கினால் முழுக்கச் சுரண்டித் திரும்ப அடைக்கவேணும். அது சின்னச் செலவில்லை. செஸ்னா 182 ஆர்ஜி 235 குதிரை வலு, பாரம் தூக்கும், ஆனால் எரிபொருளும் 45 லீற்றருக்கு மேல. பொனான்சா அழகி. வி வால் வைச்ச பழைய பொனான்சாவின் வால் தகடு மக்னீசியம். துருப்பிடிச்சால் மாற்றுத் தகடு தேடி அலைய வேணும். அதைப் பற்றி எங்கட ஆக்கள் யோசிக்கவே வேண்டாம்.

பழைய பிஎம்டபிள்யூ வாங்கினவனுக்கு இது விளங்கும். கார் பழசு எண்டு விலை குறையும், சாமான் பழசு எண்டு விலை குறையாது. நாற்பது வருசப் பிளேனும் அப்பிடித்தான்.

மருமகன் எரிபொருள் கணக்கு மட்டும்தான் வைச்சிருக்கிறான். எரிபொருள் பறந்தால்தான் செலவு. பறக்காட்டிலும் கொட்டகை வாடகை, காப்புறுதி, வருசப் பரிசோதனை, வங்கி வட்டி நிக்காது. ஒரு கணக்குக்கு அதெல்லாம் சேர்த்து வருசம் 1 இலட்சம் குரோனர் எண்டு வைப்பம். 100 மணித்தியாலம் பறந்தால் மணித்தியாலத்துக்கு 1000. 30 மணித்தியாலம் எண்டால் 3333. எரிபொருள் இன்னும் ஊத்தவே இல்லை. இஞ்ச நவம்பரில் இருந்து மார்ச் வரை மூன்று மணிக்கே இருட்டும் நாட்கள் எத்தினை, ஹார்டாங்கர் மலைக்கு மேல பனிமுகில் நிக்கிற நாட்கள் எத்தினை? இந்த வகைப் பிளேன்களில் அநேகமானதுக்குச் செட்டையில் பனிக்கட்டி படிஞ்சால் உடைக்கிற வசதி இல்லை. வேலை, கல்யாண வீடு, பிள்ளையின் நடன வகுப்பு எல்லாம் போக 30 மணித்தியாலம் கிடைச்சாலே பெரிய காரியம்.

குறைச்சுப் பறந்தால் எஞ்சின் கனகாலம் இருக்கும் எண்டு நினைக்கக் கூடாது. 2000 மணித்தியாலத்தில், அல்லது 12 வருசத்தில், ஓவர்ஹோல் செய்யச் சொல்லி லைக்கமிங் சொல்லுது. வருசம் 30 மணித்தியாலப்படி 2000 வர 66 வருசம் செல்லும். அதுக்கிடையில உள்ளுக்கு எண்ணெய் வடிஞ்சு துரு தின்றுவிடும். 2020 இல் இருந்து ஐரோப்பிய விதிப்படி தனியார் பிளேன்காரர் நிலைமையைப் பார்த்து அந்த எல்லையைத் தாண்டி ஓட்டலாம். விதி விட்டாலும் துரு விடாது.

சில்லை இறக்க மறந்து இறங்கிறதும் நடக்கிற விசயம், புதுசாய் ஓட்டுறவனுக்கு மட்டுமில்லை. ஆக்களுக்கு அநேகமாய் ஒன்றும் நடக்காது. ஆனால் சுழலி நிலத்தில அடிபட்டால் எஞ்சினைக் கழற்றிப் பிரிச்சுப் பார்க்க வேணும். அதனால்தான் மணித்தியாலம் குறைஞ்ச விமானிக்கு மடக்குச் சில்லுக் காப்புறுதி கூட. பழைய அரோக்களில் வேகம் குறைஞ்சால் தானாகச் சில்லை இறக்கிற ஒரு ஏற்பாடு வைச்சிருந்தவை. பைப்பர் கொம்பனிக்கே மனுசரைத் தெரிஞ்சிருக்கு.

செஸ்னா 1986 இல் சின்னப் பிளேன் செய்யிறதை நிப்பாட்டி, பத்து வருசத்துக்குப் பிறகு திரும்பத் தொடங்கேக்க மடக்குச் சில்லுக்காரரைத் திரும்பக் கொண்டுவரவே இல்லை. 2001 இல் வந்த சிரஸ் எஸ்ஆர்22 சில்லை வெளியில விட்டுக்கொண்டே 180 நொட் ஓடுது. அதிலேயே பதில் இருக்கு.

நாலு பேர் சேர்ந்தால் நாலில ஒன்றுதானே எண்டு மருமகன் சொல்லுறான். சீட்டுப் பிடிச்ச ஆக்களுக்குத் தெரியும், கழிவும் கணக்கும் முதல் மாசம் இனிக்கும். ஒருத்தன் ஸ்தவங்கருக்கு வேலை மாறிப் போனால் அவன்ர பங்கை ஆர் வாங்குவினம்? ஒருத்தன் சில்லை மறந்து இறக்கினால் காப்புறுதி குடுக்காத பங்கை அவன் மட்டும் கட்டுறதோ, நாலு பேருமோ? இதை எழுதிக் கையெழுத்து வைக்காமல் பிளேனைப் பார்க்கவே போகக்கூடாது.

என்ர எண்ணம், 100 மணித்தியாலம் பறக்கிற வரை கிளப் பிளேனை வாடகைக்கு எடுத்து ஓடட்டும். அந்த வாடகைக்குள்ள கொட்டகையும் காப்புறுதியும் அடங்கும். வாங்கித்தான் தீரவேணும் எண்டால் ஆர்ச்சர். அதுவும் கேக்கமாட்டன் எண்டால் அரோவே வாங்கட்டும், பாகமும் மெக்கானிக்கும் மற்ற மூன்றையும் விட லேசாய்க் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. 2018 ஏப்ரல் 4 அன்று புளோரிடாவில் டேட்டோனா பீச்சில் ஒரு பயிற்சி அரோவின் செட்டை ஆகாயத்தில் கழன்று இரண்டு பேர் செத்தவை. கனக்கப் பறந்து களைச்ச உலோகத்தில் வெடிப்பு. அதுக்குப் பிறகு செட்டை பூட்டுற ஆணித் துளைகளை மின்சுழல் முறையில் பரிசோதிக்கச் சொல்லி அமெரிக்க விமான நிர்வாகம் கட்டளை போட்டது. அந்தப் பரிசோதனைத் தாள், சுழலி எப்பவாவது அடிபட்டதோ எண்ட பதிவு, கடைசி ஐந்து வருசத்தில் வருசத்துக்கு எத்தினை மணித்தியாலம் ஓடினது எண்ட லொக் புத்தகம், மூன்றையும் கேக்கட்டும். பிறகு விக்கிறவனின்ர மெக்கானிக் இல்லாமல் வேறை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், ஜாக்கில தூக்கி, கையாலயும் ஒருக்கால் சில்லை இறக்கிப் பார்த்த பிறகு தகப்பன் வங்கிக்குப் போகட்டும்.