பாட்டு ஹிட்... மாஸ்டர் யார் கையில்? சோல் இசை சொல்லும் கணக்கு

அனுமந்தை டோல்கேட்டைத் தாண்டி மரக்காணம் பக்கம் போனால், ஈ.சி.ஆர் ஓரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். வாருபவர் ஒருத்தர், குவியலுக்குச் சொந்தக்காரர் இன்னொருத்தர். அங்கே இது யாருக்கும் புதுசில்லை. பாட்டுக்கும் இதே கணக்குதான்னு சொன்னா?

அமெரிக்காவின் சோல் இசையையே எடுத்துக்கொள்வோம். சர்ச் பாடலும் ப்ளூஸும் கலந்து 1950-களில் கறுப்பின மக்களிடமிருந்து எழுந்தது அது. 1959-ல் டெட்ராய்ட்டில் பெர்ரி கோர்டி, குடும்பத்தினரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த கம்பெனிதான் மோடவுன். 1988-ல் அது விலைபோனது 6.1 கோடி டாலருக்கு. கறுப்பினத்தவர் ஒருவரே முதலாளி என்பது அன்று சின்ன விஷயமில்லை. ஆனாலும், முதலாளி நம்மாளு என்பதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. மோடவுனின் ஹிட்களை எழுதிக் குவித்த ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் மூவரும் பணத் தகராறில்தான் வெளியேறினார்கள்.

மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கதை இன்னும் கொடுமை. பழைய சினிமா தியேட்டர் ஒன்றில் இயங்கிய ஸ்டுடியோ அது. நிறவெறி உச்சத்தில் இருந்த ஊரில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பேண்டில் வாசித்தார்கள். ஓடிஸ் ரெடிங் பாடியது அங்கேதான். ரெக்கார்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோனது அட்லாண்டிக் நிறுவனம். 1967-ல் அது வார்னர் வசம் போனதும், ஸ்டாக்ஸ் தரப்பு பழைய ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தது. அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த பாடல்களின் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. ஓனர் ஜிம் ஸ்டூவர்ட் முழுசாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். 1975-ல் ஸ்டாக்ஸ் திவால்.

இங்கே என்ன நிலைமை? பா.இரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, கானாவும் பறையும் சினிமா தயவு இல்லாமல் கூட்டத்தை இழுத்தன. அந்தக் குழுவின் அறிவு, தெருக்குரல் அறிவாகப் பேரெடுத்தார். 2021-ல் ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோடு தொடங்கிய மாஜா தளத்தில் வந்தது ‘எஞ்சாய் எஞ்சாமி’. உலகமே கேட்டது. ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே, ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். மாஜா தரப்பும் தன் விளக்கத்தைக் கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். இவ்வளவு பெரிய ஹிட்டுக்கே கணக்கு தெளிவாக இல்லைன்னா, போனில் பாடி அப்லோடு பண்ணும் கடற்கரை கிராமத்துப் பசங்க கதி?

சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. 2012 காப்புரிமைத் திருத்தத்தின்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரவே முடியாது. ஆனால் மாஸ்டர்? அது யாருக்கு என்பதை இன்றைக்கும் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். உழைப்பைக் கேட்டு வரும் கம்பெனி, பாடுபவருக்குப் புரியும் தமிழில் அதைத் தரட்டுமே. அதற்கென்ன பெரிய செலவு?