திருவேங்கடத்துக்கு எந்த ஹெட்போன்?

"வாங்கினால் ஆடியோஃபைல் ஹெட்போன் வாங்கு, பத்தாயிரத்துக்குள் கிடைப்பதெல்லாம் குப்பை" என்ற பேச்சு எங்கள் ஊர் திருவேங்கடம் வரை வந்துவிட்டது. முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள் இதை நம்பித் தவணை கட்டக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

விலை ஏற ஏற ஒலி மேம்படும் என்பது இப்படிப் பேசுபவர்களின் முதல் வாதம். 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை.

திறந்த முதுகுள்ள உயர்ரகங்களில் ஒலி விரிந்து கேட்கும் என்கிறார்கள். அமைதியான அறையில் அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறப்பு வழியாக வெளிச்சத்தமும் உள்ளே வரும். சங்கரன்கோவில் பேருந்தின் இன்ஜின், தலைக்கு மேல் மின்விசிறி, கோயில் கொடை நாளில் குழாய் ஒலிபெருக்கி, இத்தனைக்கும் நடுவில்தான் நாம் பாட்டுக் கேட்கிறோம். சத்தத்தை மீற வால்யூமைக் கூட்டுவோம். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினாலே அது 20 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காதை மூடி, வெளி இரைச்சலைக் குறைக்கும் நடுத்தர விலை ஹெட்போன் இங்கே காதையே காக்கிறது. தவிர, 'பிரியா' (1978) வந்த பிறகுதான் தமிழ்த் திரைப்பாடலில் ஸ்டீரியோ தலைகாட்டியது. அதற்கு முந்தைய பாட்டெல்லாம் மோனோ, இரு காதிலும் ஒரே ஒலி. அதில் எதை விரிப்பது?

சிடியை மிஞ்சும் 'ஹை-ரெஸ்' ஒலியை ரசிக்க விலையுயர்ந்த கருவி தேவையாம். மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையில், நல்ல கருவிகளில் கேட்டவர்களே 554 முறையில் 276 முறைதான் வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்.

தொழில்முறைக் காதுக்கு மலிவானது போதாது என்பது சுத்தப் பொய். 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506, ஏறத்தாழ நூறு டாலர் விலைதான். இன்றும் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதைக் காதில் மாட்டி வேலை பார்க்கிறார்கள். அதன் மின்மறுப்பு 63 ஓம்தான், அதனால் போனில் செருகினாலே போதுமான சத்தம் வரும். சென்ஹைசர் எச்டி 600க்கோ 300 ஓம். அதன் முழுத் திறமும் வெளிப்பட வேண்டுமானால் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும், அந்தச் செலவை முதலில் யாரும் சொல்வதில்லை.

உயர்ரகம்தான் ஆயுசுக்கும் உழைக்கும் என்பது மிச்சமிருக்கும் வாதம். நம் வெயிலிலும் வியர்வையிலும் முதலில் உரிவது காது மெத்தை, அது எந்த விலையிலும் உரியும். மெத்தையும் வயரும் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.