ரிப்போர்ட் நார்மல்... ஆனாலும் குழந்தை இல்லை: 'கேட்ஸ்பெர்' காரணமாக இருக்கலாமா?

விந்தணு எண்ணிக்கை ஓகே, நீந்தும் வேகமும் ஓகே. ரிப்போர்ட் நார்மல்னு வந்ததும், 'அப்போ குறை மனைவியிடம்தான்' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பாகவும் இருக்கலாம்.

விந்தணுவின் வாலில் 'கேட்ஸ்பெர்' என்ற புரதத்தால் ஆன கால்சியம் வாசல் இருக்கிறது. 2001-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டேவிட் கிளாப்ஹாம் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். இது இல்லாத ஆண் எலிகளால் குட்டி ஈன்றெடுக்க வைக்கவே முடியவில்லை.

கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் புரோஜெஸ்ட்ரான் பட்டதும் மனித விந்தணுவில் இந்த வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாயும், வால் சாட்டை மாதிரி வீசி அடிக்கும். அந்த வேகம் இருந்தால்தான் முட்டையின் உறையைத் துளைக்க முடியும். வாசல் பழுதானால்? சிலருக்கு விந்தணு நன்றாகவே நீந்தும், ஆனால் உறையைத் தாண்டாது. எண்ணிக்கை, வடிவம், நீச்சல் பார்க்கும் வழக்கமான டெஸ்டில் இது சிக்காது.

இவர்களுக்குச் சாதாரண ஐவிஎஃப்-பும் கைகொடுப்பதில்லை. விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறைதான் வழி. செலவு கூடுதல்தான்.

இதே வாசலை மருந்தால் அடைத்தால் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை கிடைக்குமே? அந்த ஆய்வும் நடக்கிறது. மாத்திரை இன்னும் கடைக்கு வரவில்லை.