டயலில் கை வைக்காதீர்கள்!

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் தகப்பனாரின் ரிஸ்ட் வாட்சைக் கொண்டுவந்து காட்டினார். ஸீகோ 6139. குரோனோகிராஃப், அதாவது மணி காட்டுவதோடு ஸ்டாப் வாட்ச் வேலையும் பார்க்கும் ரகம். "புதுசு மாதிரியே பண்ணிக் கொடுத்துட்டான் ஸார்" என்றார் பெருமையாக. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. டயல் பளபளவென்று ஆரஞ்சு வர்ணத்தில் இருந்தது. முன்பு என்ன நிறம் என்று கேட்டேன். "வெள்ளி மாதிரி. ஓரமெல்லாம் புள்ளி விழுந்திருந்தது."

நான் ரயில்வேயில் இருந்த காலத்தில், இன்ஜினில் ஏறிப் போகும்போது கிலோமீட்டர் கல்லுக்குக் கல் ஸ்டாப் வாட்ச் பிடிப்போம். 3600-ஐ வினாடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 45 வினாடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர். இதே கணக்கைத்தான் குரோனோகிராஃப் விளிம்பில் 'டாக்கிமீட்டர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது அப்படித்தான்.

6139 சாமானியமானதல்ல. தானே சாவி ஏறும் குரோனோகிராஃப்கள் உலகில் முதன்முதலாக வெளிவந்தது 1969-ல். ஸ்விட்சர்லாந்தில் ஜெனித் ஒரு பக்கம், ஹோயர்-பிரைட்லிங் கூட்டணி மறு பக்கம், ஜப்பானில் ஸீகோ. முந்தியது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1973-ல் ஸ்கைலாப் சென்ற வில்லியம் போக், நாஸாவின் அனுமதி பெறாமலே தம்முடன் எடுத்துப்போனது மஞ்சள் டயல் 6139!

ஒரு கடிகாரத்தின் ஜாதகம் அதிலேயே எழுதியிருக்கிறது. ஸீகோவின் பின்மூடியில் உள்ள சீரியல் எண்ணில் முதல் இலக்கம் வருஷம், அடுத்தது மாதம். அன்பருடையது 36 என்று தொடங்கியது, 1973 ஜூன். டயலின் அடியோரத்திலும் பொடி எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அசலா என்று தேறுவோம். மறுவர்ணம் பூசும்போது பழைய பூச்சையும் அச்சையும் ஒன்றாகச் சுரண்டிவிடுகிறார்கள். அந்தக் குறியீடும் அதோடு போச்சு. இப்படிப் பூசியவற்றுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்ற எனக்கு அது சுருக்கென்று தைக்கிறது.

ரிப்பேர்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். உதிரி பாகம் கிடைக்காத வாட்சுகளையும் ஓடவைப்பவர்கள் அவர்கள்தாம். 'புதுசு மாதிரி' வேண்டும் என்று கேட்பது நாமல்லவா? நானும் ஆரம்பத்தில் அப்படிக் கேட்டு ஒரு நல்ல டயலைப் பாழாக்கியவன்தான். இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடட்டும், கண்ணாடி மாற்றட்டும், ரப்பர் வளையம் மாற்றட்டும். டயலில் மட்டும் கை வைக்கக்கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.

அன்பர் மறுநாளே கடைக்கு ஓடினார். டயல் என்னவோ அதே தகடுதான், மேலே இருந்தது போய்விட்டது. பழைய முட்களை மட்டும் ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து வைத்திருந்தார்களாம். அவற்றையாவது மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.