நானோமீட்டர் மயக்கம்

2004 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் நடந்த ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில், இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பேரட் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம் 4 சிப் வரப்போகிறது என்று சொல்லிவிட்டு, அந்தத் திட்டத்தையே இன்டெல் கைவிட்டிருந்தது. அந்த வரிசை 3.8-ஓடு நின்றுபோனது. மீதி 0.2-ஐக் கூட்ட உலகின் மிகப் பெரிய சிப் நிறுவனத்தால் முடியவில்லை. தடுத்தது சூடு.

அதுவரை ஒரு கணக்கை நம்பித்தான் மொத்தத் தொழிலும் ஓடியது. 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் போட்ட கணக்கு அது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி, மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் சிப்பின் வேகம் கூடும், ஆனால் அதே பரப்பில் மின்செலவு ஏறாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இது பலித்தது. டிரான்சிஸ்டர்கள் மிகவும் சிறுத்தபோது, அணைந்திருக்கும் நிலையிலும் அவற்றில் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்குமேல் இறக்க வழியில்லாமல் போனது. இன்டெல்லின் இணை நிறுவனர் கார்டன் மூர் முன்பே சொன்னபடி டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே வந்தது. கடிகார வேகம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இன்று கடையில் வாங்கும் நல்ல மடிக்கணினியும் 4, 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் ஓடுகிறது.

ஆனாலும் கணினிகள் அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு வேலை செய்கின்றன. அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

செய்திகளைப் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஓர் எண்தான். 7 நானோமீட்டர், 5 நானோமீட்டர், 3, இப்போது 2. எண் சிறுத்தால் முன்னேற்றம்; நம் நாட்டில் 28 என்றால் பின்தங்கல். இந்த எண் எதையும் அளந்து சொல்வதில்லை என்பது துறைக்குள் எல்லோருக்கும் தெரியும். ‘5 நானோமீட்டர்’ என்ற பெயரில் வரும் சிப்பில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர்களின் கேட்டுகளுக்கு (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதிகளுக்கு) இடையிலான தூரம் சுமார் 50 நானோமீட்டர். எண் ஒரு தலைமுறையின் பெயர், அவ்வளவுதான். டிரான்சிஸ்டரைச் சுருக்குவதால் பலனே இல்லை என்பதல்ல வாதம். கடந்த இருபது ஆண்டுகளின் பெரிய பாய்ச்சல்களை அந்த எண்ணை மட்டும் வைத்து விளக்க முடியாது என்பதுதான்.

விளக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ், சிப்புக்குள் எந்த வேலைக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று 2014-ல் ஒரு கணக்கை முன்வைத்தார். 45 நானோமீட்டர் தலைமுறையில், இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்ட 0.1 பிக்கோஜூல் போதும். அப்படியோர் எண்ணைச் சிப்புக்கு வெளியே உள்ள டிராம் நினைவகத்திலிருந்து எடுத்து வர ஆகும் செலவு, இதே கணக்கை ஒட்டிப் பிறகு வந்த ஆய்வுகளின்படி, 640 பிக்கோஜூல். அதாவது 6,400 மடங்கு. தாளிக்க ஒரு சிட்டிகை கடுகு தேவைப்படும்போதெல்லாம் சந்தைக்குப் போய் வருகிற சமையல்காரரின் நிலைதான் கணினிக்கு. அவர் கையை எவ்வளவு வேகமாக அசைத்தாலும் சாப்பாடு சீக்கிரம் வராது. கடுகு டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்றைய உயர்திறன் சிப் வடிவமைப்பின் முக்கியமான முன்னேற்றங்கள் பெரும்பாலும் இந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலைதான்.

கூகுளின் கதை இதற்கு நல்ல சாட்சி. மக்கள் தினம் மூன்று நிமிடம் குரல் வழியாகத் தேடினால்கூட, தன் தரவு மையங்களின் கணிப்புத்திறனை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும் என்று 2013-ல் அந்த நிறுவனம் கணக்கிட்டது. அவ்வளவு கட்டடங்களுக்கு எங்கே போவது? சொந்தமாக ஒரு சிப்பை உருவாக்க முடிவெடுத்தது. வடிவமைத்துத் தயாரித்துத் தரவு மையத்தில் பொருத்தும் வரை ஆனது 15 மாதம். அந்த டிபியு சிப்பில் 65,536 சிறிய பெருக்கிகள் 256-க்கு 256 என்று கட்டம் கட்டமாக நிற்கின்றன. ஒரு பெருக்கி தன் விடையை நினைவகத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை. பக்கத்தில் நிற்கும் பெருக்கியிடம் நேராகக் கொடுத்துவிடுகிறது. இந்த யோசனையே புதிதல்ல. 1970-களின் கடைசியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எச்.டி. குங்கும் சார்லஸ் லைசர்சனும் சொன்னது.

2017-ல் கூகுள் வெளியிட்ட கட்டுரையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டிபியு 28 நானோமீட்டரில் செய்யப்பட்டது, ஓடியது 700 மெகாஹெர்ட்ஸில். அதோடு ஒப்பிடப்பட்ட இன்டெல் சர்வர் சிப் 22 நானோமீட்டர், கடிகார வேகமும் அதிகம். நானோமீட்டர் எண்ணை மட்டும் பார்த்தால் டிபியுதான் பழைய சரக்கு. ஆனால் கூகுளின் செயற்கை நுண்ணறிவு வேலைகளில் அது அன்றைய சிபியு, ஜிபியு சிப்களைவிடச் சராசரியாக 15 முதல் 30 மடங்கு வேகம் காட்டியது.

அடுத்த பாடம் ஏஎம்டியுடையது. 2015-ல் அந்த நிறுவனத்தின் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. லிசா சூ தலைமையில் அது எடுத்த முடிவு, ஒரு பெரிய சிப்பைச் செய்யாமல் சிறிய சிப்களாக நறுக்கிச் செய்து, ஒரே உறைக்குள் இணைத்துவிடுவது. சிப்லெட் என்கிறார்கள்.

நறுக்குவதில் என்ன லாபம்? 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கன் வேஃபரில் 800 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள சிப்கள் அறுபதை ஒட்டித்தான் கிடைக்கும். தயாரிப்பின்போது அந்த வேஃபரில் அங்கங்கே ஐம்பது குறைகள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழப் பாதிச் சிப்களில் ஏதாவது ஒரு குறை இருக்கும். அதே வேஃபரில் 74 சதுர மில்லிமீட்டர் சிப்களைச் செய்தால் எண்ணூறுக்கு மேல் கிடைக்கும். ஐம்பது குறைகளும் ஐம்பது சிப்களைத்தான் கெடுக்கும். ஏஎம்டி 2017-ல் விற்ற முதல் எபிக் சர்வர் சிப்பில் நான்கு துண்டுகள் இருந்தன. ஒரே சிப்பாகச் செய்திருந்தால் 777 சதுர மில்லிமீட்டர். நறுக்கியதால் மொத்தப் பரப்பு 852 ஆகக் கூடியது. இருந்தும் தயாரிப்புச் செலவு ஒரே சிப்புக்கு ஆகியிருக்கக்கூடியதில் 59 சதவீதம்தான் என்று ஏஎம்டியே கணக்குக் காட்டியது.

2019-ல் வந்த இரண்டாம் தலைமுறை எபிக்கின் உலோக மூடியைக் கழற்றிப் பார்த்தால் வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் கண்ணுக்கே தெரியும். நடுவில் 416 சதுர மில்லிமீட்டரில் ஒரு பெரிய துண்டு. அதன் இரு பக்கமும் எட்டுச் சின்னத் துண்டுகள். கணக்குப் போடுபவை இந்த எட்டும்தான். ஒவ்வொன்றிலும் எட்டு கோர் வீதம் மொத்தம் 64. இவற்றுக்கு மட்டும் விலை கூடிய 7 நானோமீட்டர் தொழில்நுட்பம். நடுவில் இருப்பது நினைவகத்தோடும் வெளியுலகத்தோடும் பேசும் துண்டு; அதை நுண்மையாக்கினால் பெரிய லாபமில்லை என்பதால் பழைய 14 நானோமீட்டர். புதியதும் பழையதும் ஒரே உறைக்குள்.

‘ஒட்டவைத்த’ சிப் என்று 2017-ல் ஏஎம்டியைக் கிண்டலடித்தது இன்டெல். 2023-ல் இன்டெல்லின் சஃபையர் ரேபிட்ஸ் சர்வர் சிப்பே நான்கு துண்டுகளை ஒட்டி வந்தது. இன்டெல் தன் போன்டே வெக்கியோ சிப்பில் அடுக்கிய துண்டுகளின் எண்ணிக்கை 47.

நினைவகத்தையும் அருகில் கொண்டுவந்தாயிற்று. டிராம் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் ஊடாக ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் போட்டுச் செம்பால் நிரப்பி, அந்த அடுக்கைப் பிராசசரிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் உட்காரவைக்கும் எச்பிஎம் முறை அது. ஜப்பானின் கோபே நகரில் உள்ள ஃபுகாகு சூப்பர்கம்ப்யூட்டர் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. அதன் ஒவ்வொரு சிப்போடும் 32 ஜிபி எச்பிஎம் ஒட்டியிருக்கிறது. நொடிக்கு ஒரு டெராபைட் தரவு பாயும். 2020 ஜூனில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தபோது அதில் ஒரு ஜிபியுகூட இல்லை.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. துண்டு போட்டு இணைப்பதற்குப் பதில் வேஃபரை வெட்டவே வேண்டாம் என்றது செரிப்ராஸ் என்ற சிப் நிறுவனம். ஜீன் ஆம்டால் என்ற ஜாம்பவான் 1980-களில் டிரிலஜி நிறுவனம் மூலம் இதை முயன்று, முதலீட்டாளர்களின் பெரும் பணத்தோடு கவிழ்ந்திருந்தார். செரிப்ராஸின் 2024-ஆம் ஆண்டு சிப் ஒரு பக்கம் 21 சென்டிமீட்டருக்கு மேல். அதில் 9 லட்சம் கோர்கள். குறையுள்ள கோர்களை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் கோர்கள் வழியாகத் தரவைத் திருப்பிவிடுகிறார்கள். ஆம்டால் தோற்ற இடத்தில் இவர்கள் ஜெயித்ததற்கு இந்த வடிவமைப்பு முக்கியக் காரணம். எல்லா வேலைக்கும் பொருந்துமா என்றால், இல்லை.

இத்தனைக்கும் விலை இருக்கிறது. என்விடியாவின் பிளாக்வெல் சிப்பில் இரண்டு பெரிய துண்டுகள், 20,800 கோடி டிரான்சிஸ்டர்கள். 72 பிளாக்வெல்களை அடுக்கிய ஒரே அலமாரி சுமார் 120 கிலோவாட் மின்சாரம் இழுக்கிறது. காற்றால் குளிர்விக்க முடியாமல் குழாயில் திரவம் ஓட்டுகிறார்கள். விளம்பர எண்களையும் சற்று உரசிப் பார்ப்பது நல்லது. பிளாக்வெல் 20 பெட்டாஃபிளாப்ஸ் என்று அறிவிக்கப்பட்டபோது, அது வெறும் 4 பிட் எண்களில் போடும் கணக்கு. அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் சூப்பர்கம்ப்யூட்டர் 2024 நவம்பரில் காட்டிய 1.7 எக்ஸாஃபிளாப்ஸ் 64 பிட் எண்களில் போட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் தலைப்புச் செய்திகள் வாசகரை ஏமாற்றுகின்றன.

இணைப்பு வேலையே இப்போது முட்டுக்கட்டையாகவும் ஆகிறது. 2023-ல் செயற்கை நுண்ணறிவு சிப்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டிரான்சிஸ்டர் செய்யும் ஆலைகள் போதவில்லை என்றுதான் பலர் நினைத்தார்கள். பற்றாக்குறை சிப்பில் இல்லை, சிப்பையும் நினைவகத்தையும் ஒரே தளத்தில் இணைக்கும் வசதியில்தான் என்று தைவானின் டிஎஸ்எம்சி தலைவர் மார்க் லியூ விளக்கினார். எச்பிஎம் நினைவகத்தைச் சந்தைக்குத் தருபவை எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். வடிவமைப்பு மென்பொருளும் சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் என்ற மூன்றின் பிடியில். 2025 மே மாதம் சீனாவுக்கு இந்த மென்பொருளை விற்க அமெரிக்கா தடை போட்டு, ஜூலையில் விலக்கியது. ஆலையைப் பூட்டாமலே ஒரு நாட்டின் சிப் தொழிலை மிரட்ட முடியும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தியாவின் விவாதம் இன்னும் ஆலையைச் சுற்றியே நடக்கிறது. 2021-ல் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடியில் டாடாவின் ஆலை எழுகிறது. காருக்கும் மின்சாதனத்துக்கும் வேண்டிய சிப்களுக்கு அது தேவைதான். ஆனால் உயர்திறன் சிப்பின் மதிப்பு வடிவமைப்பில் இருக்கிறது. என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் சொந்தமாக ஒரு வேஃபர் ஆலைகூடக் கிடையாது.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூரில் கடை விரித்தது. விரும்பிய கிரே சூப்பர்கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்ததும், வெளியே கிடைத்த டிரான்ஸ்பியூட்டர் சிப்களைத் திறமையாக இணைத்து 1991-ல் பரம் 8000-ஐக் கட்டியவர்கள் நம் பொறியாளர்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய ‘சக்தி’ பிராசசர், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்தது. அதன் வடிவமைப்பும் பொதுவில் கிடைக்கிறது. சக்தி சூப்பர்கம்ப்யூட்டருக்கானது அல்ல. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த அதன் விண்வெளிப் பதிப்பு சண்டிகரை ஒட்டிய மொகாலியில் 180 நானோமீட்டரில் தயாரானது. அதனால் என்ன? முதல் வரியிலிருந்து கடைசிக் கம்பி வரை ஒரு பிராசசரைத் தாங்களே வடிவமைத்த மாணவர்கள் அங்கிருந்து வெளியே வருகிறார்கள். உயர்திறன் பக்கம், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அறிவித்திருக்கும் ‘ஓம்’ பிராசசர் 96 கோர்களை இரண்டு சிப்லெட்டுகளில் பிரித்து, எச்பிஎம் நினைவகத்தோடு சேர்க்கும் வடிவமைப்பு. திசை சரியானது.

பணம்தான் திசைக்கேற்ப வரவில்லை. வடிவமைப்பு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் ஊக்கத் திட்டம், தகுதியான செலவில் பாதியைத் திருப்பித் தருகிறது. ஒரு விண்ணப்பத்துக்கு உச்சவரம்பு 15 கோடி ரூபாய். சந்தைக்கு வந்தபின் விற்பனையை ஒட்டி 30 கோடி வரை கிடைக்கலாம். ஒரு 5 நானோமீட்டர் சிப்பை வடிவமைத்து முடிக்க நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர் ஆகும் என்பது தொழில்துறை மதிப்பீடு. சிறிய சிப்லெட் ஒன்றுக்கு அவ்வளவு ஆகாது; ஆனால் 15 கோடிக்குள் அடங்காது. திட்டத்தின் அடுத்த சுற்றில் இந்த உச்சவரம்பைப் பல மடங்கு உயர்த்த வேண்டும். கணக்குப் போடும் துண்டு, நினைவகத்தோடு பேசும் துண்டு என்று தனித்தனியாக எடுத்துச் செய்ய முன்வரும் சிறு நிறுவனங்களுக்கு அதில் முதலிடம் தர வேண்டும். தோலேரா ஆலையின் மொத்த முதலீட்டில் நூற்றில் ஒரு பங்கு என்றால்கூட 900 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது.