குழந்தைக்குக் கேமரா வாங்கலாமா?... தாராளமாக வாங்குங்கள்!

"ஐயா, பையனுக்கு ஆறு வயசு முடியுது. பிறந்த நாளைக்கு கேமராதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? கண்ணு கெட்டுப் போயிடாதே?"

செங்கல்பட்டில் என்னிடம் சளி, இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? அம்மாவின் செல்போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்! கேமராவைக் கண்டு பயப்படுகிற அந்த அம்மாவுக்குச் செல்போனைக் கண்டு பயமில்லை. சிரிப்பதா, அழுவதா, சொல்லுங்கள்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வயதுக் குழந்தை கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள். கேமராவைத் தாராளமாகக் கொடுங்கள்.

இரண்டிலும்தானே திரை இருக்கிறது, என்ன பெரிய வித்தியாசம் என்பீர்கள். செல்போன் குழந்தையை மூலையில் உட்கார வைக்கும். கேமரா எழுப்பி வெளியே இழுத்துக்கொண்டு போகும். குழந்தைகளுக்கு வரும் கிட்டப்பார்வை விஷயத்தில் இதுதான் முக்கியம். சீனாவின் குவாங்ஜோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்து, 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விடப்பட்ட பிள்ளைகளில் சுமார் 30 சதவிகிதம் பேருக்குத்தான் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடப்படாதவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்கு வந்துவிட்டது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை... வெறும் பகல் வெளிச்சம்! உலக சுகாதார நிறுவனமும் 2019-ல், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. குறைந்தால் இன்னும் நல்லதாம்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கமான கதைதான். இருந்தாலும் உங்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

என் பேத்திக்கு ஆறு வயது. பீரோவில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிஜிட்டல் கேமராவைத் தூசு தட்டி அவளிடம் கொடுத்தேன். ஒரு மார்கழி மாதக் காலையில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரி நடுவே மரம் மரமாக நத்தைகுத்தி நாரைகள், கூழைக்கடாக்கள். "பாரு கண்ணு, எவ்வளவு பறவை!" என்றேன். "எங்கே தாத்தா?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கேமராவில் அந்த மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இதுல பார்த்தாதான் தாத்தா பறவை தெரியுது. சும்மா பார்த்தா வெறும் வெள்ளையா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்கு எட்ட இருக்கும் பொருள் மங்கலாகத்தான் தெரியும். அதே பொருளின் படம், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கேமரா திரையில் தெளிவாகத் தெரியும். மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் பவர்! தினமும் நாலு பேருக்கு நாடி பார்க்கிற நான், வீட்டுக்குள்ளேயே இருந்த குறையைக் கவனிக்கவில்லை. காட்டிக் கொடுத்தது அந்தப் பழைய கேமராதான். இதை ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளையும் இப்படிச் சொன்னால், டி.வி.க்கு அருகில் போய் நின்றால், கரும்பலகை எழுத்து தெரியவில்லை என்றால், தள்ளிப் போடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.

"கண்ணாடி போடாம சரி பண்ண உங்க வைத்தியத்துல ஏதாவது இருக்கா?" என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களை 96 என்று வகைப்படுத்திப் பேசுகின்றன. அந்தப் பெருமையெல்லாம் எனக்கும் உண்டு. ஆனாலும் மனசாட்சியோடு சொல்கிறேன்... பொன்னாங்கண்ணிக் கீரையும் முருங்கைக் கீரையும் உடம்புக்கு நல்ல உணவு. அவை மைனஸ் பவரைக் கழற்றிவிடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பூச்சாறு என்று எதையும் நீங்களாகக் குழந்தையின் கண்ணில் விடாதீர்கள். கண்ணாடி போடச் சொன்னால் போடுங்கள். என் பேத்தியும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, எந்தக் கேமரா வாங்குவது?

முதலில் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். சட்டைப் பையில் அடங்கும் பழைய டிஜிட்டல் கேமரா கிடைத்தால் அதுவே போதும். அதன் பேட்டரி உப்பியிருந்தால் பயன்படுத்தவே கூடாது, மாற்றிவிடுங்கள். மிகப் பழைய கேமராக்கள் சில, 2 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வாங்குவதானால் அட்டைப்பெட்டியில் உள்ள '40 மெகா பிக்ஸல்' விளம்பரத்தில் மயங்க வேண்டாம். பொம்மைக் கேமராக்கள் பலவற்றில் சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்கி அந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள். ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு உண்மையான 2 மெகா பிக்ஸலே போதுமானது! 1975-ல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா எடுத்தது வெறும் 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஒரு படத்தை கேஸட்டில் பதிய 23 விநாடி ஆனது. அங்கிருந்துதான் இத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

உள்ளே விளையாட்டு, பாட்டு, வீடியோ கேம் வைத்திருக்கும் கேமராவை வாங்காதீர்கள். பெயர்தான் கேமரா, வேலை செல்போன் வேலை! கீழே விழுந்தால் தாங்க வேண்டும், பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும், பட்டன் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். பொம்மை என்று விற்கப்படுவதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

வைத்தியன் என்ற முறையில் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி போடும் எந்தச் சாமானும் சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் கைவைத்தியம், வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் கூடாது. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டைப் பெரியவர்களே போட்டு எடுக்க வேண்டும். கழுத்தில் மாட்டும் நாடா, ஊஞ்சலிலோ கிளையிலோ சிக்கினால் ஆபத்து. மணிக்கட்டில் மாட்டுவதே நல்லது. லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. கூடவே நடங்கள். அந்தக் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தானே? அதே கணக்கை வையுங்கள். ஒரு நாளைக்கு 36 படம், அதற்கு மேல் கிடையாது. அப்போதுதான் பார்த்து, யோசித்து எடுப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறை சுமார் 90 அடி நீளம். நாமெல்லாம் முழுப் பாறையையும் எடுக்கப் பின்னால் பின்னால் போவோம். என் பேத்தி யானைகளுக்குப் பக்கத்தில், இரண்டு காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் எடுத்தாள். எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்தப் பூனையை நான் நின்று பார்த்ததே இல்லை! கடற்கரையில் மட்டும் கவனம். உப்புக் காற்றும் மணலும் கேமராவுக்கு எமன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்து, வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுங்கள். வலை பின்னுகிறவரையோ சிற்பம் செதுக்குகிறவரையோ எடுக்கும் முன், "எடுத்துக்கட்டுமா அண்ணே?" என்று கேட்கப் பழக்குங்கள்.

கேமரா பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டுப் புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், 2022-ல் தயாநிதா சிங்-பாரி விருதின் முதல் விருதைப் பெற்றவர், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுத் தருகிறார். அவரவர் தெருவை, அவரவர் வீட்டை, தங்கள் கண்ணாலேயே அந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு சின்னக் கேமரா வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல படங்களில் நாலைந்தை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி, குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பது உங்களுக்கும் தெரியவரும்.